திமிரம்

ஆடிப்பூரத் தேர் ரத வீதியில் திரும்பிக்கொண்டிருந்த நேரத்தில் ஏட்டு முத்தாத்தாளின் இடது கண்ணுக்குள் ஏதோ கறுப்பாக இறங்கியது.

வடம் பிடிக்கிறவர்களையும் வேடிக்கை பார்க்கிறவர்களையும் பிரித்துக் கயிறு கட்டியிருந்த இடத்தில் அவளுக்குப் பந்தோபஸ்து. சூடம் கொளுத்திய புகை என்றுதான் முதலில் நினைத்தாள். கையால் விசிறிவிட்டாள். அது போகவில்லை. கண்ணை எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்தப் பக்கம் நூல்நூலாக மிதந்து வந்தது. தண்ணீரில் விட்ட மை மாதிரிப் பரவி, தேர் அவளைத் தாண்டுவதற்குள் பாதிக் கண்ணை மூடிவிட்டது. வலது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். அவ்வளவு பெரிய தேர் வெறும் செம்மண் நிற மூட்டமாகத் தெரிந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. "ஏலே, கயித்தைத் தாண்டாத, பின்னாடி போ" என்று கூட்டத்தை அதட்டிக்கொண்டே, தேர் நிலைக்கு வந்து சேரும்வரை ஒற்றைக் கண்ணோடு நின்றாள்.

முத்தாத்தாளுக்கு நாற்பத்தெட்டு வயது. ஸ்ரீவில்லிபுத்தூரில் வேலை, ராஜபாளையத்தில் வீடு. தினமும் ஸ்கூட்டரில் போய்வருவாள். கணவர் விஜயபாண்டி ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்து சேத்தூரில் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். திமிர் பிடித்த பொம்பளை என்று அவளைப் பற்றி ஊரில் சொல்வார்கள். ஒருவழிப் பாதையில் எதிரே வந்த பெரிய மனிதர் ஒருவரின் காரை, அவர் போனில் யார் யாரையோ கூப்பிட்டுக் கொடுத்தும் வாங்கிப் பேசாமல், வந்த வழியே முழுத்தூரமும் பின்னுக்கு எடுக்க வைத்தவள் அவள். அந்தப் பேர் அன்றைக்கு வந்தது. அவளுக்கும் அதில் வருத்தம் ஒன்றும் இல்லை.

சர்க்கரை நோயிடமும் அதே மாதிரிதான் நடந்துகொண்டாள். வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. ஞாபகம் வந்தால் மாத்திரை போடுவாள். ஸ்டேஷனில் எல்லோருக்கும் வருகிற டீயே அவளுக்கும் வரும். உட்கார்ந்து தின்கிறவர்களுக்குத்தான் சர்க்கரை கெடுதல் செய்யும், ஓடியாடி வேலை பார்க்கிறவளை என்ன செய்துவிடும் என்பது அவள் கட்சி. வலி என்று ஒன்று இருந்திருந்தால் பயந்திருப்பாள். அது ஒரு நாளும் வலிக்கவில்லை.

மறுநாள் விஜயபாண்டி விடாப்பிடியாக அவளை ராஜபாளையத்தில் ஒரு கண் டாக்டரிடம் அழைத்துப் போனார். டாக்டர் கண்ணில் மருந்து விட்டு, கண்மணி விரிந்ததும் நெடுநேரம் வெளிச்சம் அடித்துப் பார்த்தார்.

"சுகர் கண்ணுக்குள்ள போயிருச்சும்மா. விழித்திரையில நோஞ்சானா புதுசு புதுசா ரத்தக்குழாய் முளைச்சிருக்கு. அதுல ஒண்ணு வெடிச்சு ரத்தம் கசிஞ்சு நிக்குது. வலது கண்ணுலயும் ஆரம்பிச்சிருக்கு. மதுரைக்கு எழுதித் தாரேன். கண்ணுக்குள்ள ஊசி போடணும். லேசர் வைக்கணும். தள்ளிப் போடாதீங்க."

"கண்ணுக்குள்ளயா?"

"ஆமா. மரத்துப்போக மருந்து விட்டுத்தான் போடுவாங்க."

முத்தாத்தாள் எழுந்து வெளியே வந்துவிட்டாள். ரயிலில் அடிபட்ட உடம்புக்குக் காவல் இருந்திருக்கிறாள். கத்தியோடு நின்றவனின் மணிக்கட்டைப் பிடித்திருக்கிறாள். விழித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஊசி நேராகக் கண்ணை நோக்கி வருவதை மட்டும் அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

"வேற எது சொன்னாலும் கேக்கேன். அது மட்டும் ஏலாது" என்றாள் கணவரிடம்.

ராஜபாளையத்திலேயே தென்காசி ரோட்டில் 'சோலை கண் வைத்தியசாலை' என்று ஒன்று புதிதாக வந்திருந்தது. ஊசி வேண்டாம், லேசர் வேண்டாம், சர்க்கரையால் போன பார்வை ஆயுர்வேதத்தில் திரும்பும் என்று ஆள் உயரத்துக்குப் போர்டு வைத்திருந்தார்கள். பஸ்ஸில் போகிறவர்கள்கூடப் படிக்கலாம். நடத்துகிறவர் சோலைராஜ். அதற்கு முன்னால் மோட்டார் பம்ப் வியாபாரம் பார்த்தவர். வைத்தியம் பார்க்க ஒரு பெண் டாக்டரைச் சம்பளத்துக்கு வைத்திருந்தார். பெயர் சிவரஞ்சனி. பிளவக்கல் பக்கத்துப் பெண். ஆயுர்வேதம் படித்து, அதிலேயே கண்ணுக்கென்று மேல்படிப்பும் முடித்தவள். வயது முப்பதைத் தாண்டியிருக்கும்.

முத்தாத்தாள் அங்கே போனபோது சிவரஞ்சனி முதலில் நாடி பார்த்தாள். நாக்கை நீட்டச் சொன்னாள். தூக்கம், மலச்சிக்கல், பாத எரிச்சல் எல்லாவற்றையும் கேட்டாள். அப்புறம் விளக்கு வைத்த கருவியைக் கண்ணுக்கு நெருக்கமாகக் கொண்டுவந்து இரண்டு கண்ணையும் பார்த்தாள். பார்த்து முடித்துக் கருவியை மேசையில் வைத்தாள்.

"ஏட்டம்மா, ஆடிக்கு முன்னாடியே ஏதாவது தெரிஞ்சிருக்கணுமே. கொசு பறக்கிற மாதிரி, தலைமுடி குறுக்க தொங்குற மாதிரி?"

"தெரிஞ்சது. சித்திரையில இருந்தே. வெயில்ல நிக்கிறதால இருக்கும்னு விட்டுட்டேன்."

"எங்க பழைய நூல்கள்ல அதை எழுதியிருக்கு. கண்ணைப் படலம் படலமாப் பிரிச்சுச் சொல்லுவாங்க. நோய் மேல் படலத்துல நிக்கும்போது சும்மா மங்கலாத்தான் இருக்கும். அடுத்ததுக்குப் போயிட்டா இல்லாத ஈ, கொசு, முடி, வலை எல்லாம் தெரியும். கவனிக்காம விட்டா உள்ள போயிக்கிட்டே இருக்கும். கடைசில பார்வையே இருக்காது. திமிரம்னு அதுக்குப் பேரு."

முத்தாத்தாள் சிரித்துவிட்டாள். "திமிரா? அது எனக்கு இருக்குன்னு ஊருக்கே தெரியும். இதுக்கா படிச்சிட்டு வந்த?"

சிவரஞ்சனியும் சிரித்தாள். "அது இல்லம்மா. திமிரம்னா இருட்டு."

"சரி, அதுக்கு மருந்து எழுதியிருக்கா இல்லையா உங்க நூல்ல?"

"இருக்கு. கண்ணைச் சுத்தி நெய் கட்டலாம், மூக்குல மருந்து விடலாம், பேதிக்குக் கொடுக்கலாம், திரிபலா கொடுக்கலாம். ஆனா எந்தக் கண்ணுக்குச் செய்யலாம், எதுக்குச் செய்யக் கூடாதுன்னும் அதே நூல்ல இருக்கு. உபத்திரவம் அடங்காத கண்ணுக்கு நெய் கட்டக் கூடாது. உங்களுக்கு உள்ள ரத்தம் நிக்குது. அதை எழுதின காலத்துல கண்ணுக்குள்ள இருக்கிற குழாயைப் பார்க்க வழியில்ல. எனக்கு வழியிருக்கு, பார்த்துட்டேன். பார்த்த பொறவு தெரியாத மாதிரி இருக்க முடியாது. நீங்க மதுரைக்குத்தான் போகணும். சர்க்கரையை இறக்குறதுக்கு நான் கூடவே இருந்து செய்யுறேன். சாப்பாடு, நடை, மருந்து எல்லாம் சொல்லித் தாரேன். கசியுற குழாயை அடைக்க என்கிட்ட ஒண்ணும் இல்ல."

கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்த சோலைராஜ் உள்ளே வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, நெற்றியில் சந்தனம்.

"டாக்டரம்மா கொஞ்சம் பயந்த சுபாவம், ஏட்டம்மா. நீங்க ஒண்ணும் யோசிக்காதீங்க. எத்தனையோ பேருக்கு இங்க பார்வை வந்திருக்கு."

"யாருக்கு அண்ணாச்சி?" என்றாள் சிவரஞ்சனி. "நான் வந்த பொறவு ரத்தம் கசிஞ்ச கண்ணு ஒண்ணுகூட இங்க குணமாகல. வறண்ட கண்ணுக்குச் செஞ்சோம், நல்லா இருந்துச்சு. அதை இதோட சேர்த்துப் பேசாதீங்க."

சோலைராஜ் முத்தாத்தாளைத்தான் பார்த்தார். "ஊசி குத்திக்கிட்டுத்தான் ஆகணும்னு உங்களுக்கு விருப்பம்னா நான் தடுக்கல."

ஊசி என்ற சொல் போதுமானதாக இருந்தது. முத்தாத்தாள் சிவரஞ்சனியின் பக்கம் திரும்பினாள்.

"நீ சின்னப் பிள்ளை. உன் வைத்தியத்து மேல உனக்கே நம்பிக்கை இல்லைன்னா நான் என்ன செய்ய? எனக்கு நெய்யே கட்டுங்க."

"நான் கட்ட மாட்டேன்" என்றாள் சிவரஞ்சனி. குரலை உயர்த்தவில்லை. கருவியைத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். அந்த வாரமே வேலையை விட்டுப் போய்விட்டாள் என்று பின்னால் தெரிந்தது.

நெய் கட்டியது அங்கே உதவிக்கு இருந்த ஆள். மல்லாக்கப் படுக்க வைத்து, உளுந்து மாவைப் பிசைந்து கண்ணைச் சுற்றி வரப்பு மாதிரி வைப்பான். இளஞ்சூட்டில் நெய்யை ஊற்றி, அதற்குள் கண்ணைத் திறந்து திறந்து மூடச் சொல்வான். நெய்க்குள்ளிருந்து பார்த்தால் மேலே எரிகிற டியூப் லைட் மஞ்சளாகக் குழைந்து தெரியும். இதமாக இருந்தது. யாரும் எதையும் குத்தவில்லை.

புரட்டாசியில் பார்வை தெளிய ஆரம்பித்தது. முதலில் மேல் பக்கம் வெளுத்தது. பிறகு பஸ் நம்பர் தெரிந்தது. ஒரு நாள் காலையில் வாசலில் நின்று எதிர் வீட்டு மாடியில் காய்கிற துணியில் பூப் போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு விஜயபாண்டியைக் கூப்பிட்டாள்.

"பாருங்க, நான் சொன்னேன்ல" என்றாள். அவர் கும்பிட்டுக்கொண்டார்.

சோலைராஜ் ஒரு வீடியோவுக்குக் கேட்டபோது அவள் யோசிக்கவே இல்லை. டியூட்டிக்குப் போகிற வழியில் யூனிபார்மோடு நின்றாள். "பார்வை போயிருச்சுன்னாங்க. ஊசிங்கிறாங்க, லேசருங்கிறாங்க. எதுவும் இல்லாம எனக்குப் பார்வை வந்திருச்சு. பயப்படாம இங்க வாங்க" என்று சொன்னாள். ஒரு சொல்லும் யாரும் எழுதிக் கொடுத்தது இல்லை. அந்த வீடியோ ராஜபாளையம், சேத்தூர், செட்டியார்பட்டி என்று எல்லாருடைய போனுக்கும் போனது. போலீஸ்காரம்மாவே சொல்கிறாள் என்று வைத்தியசாலை வாசலில் கூட்டம் நின்றது.

கார்த்திகையில் ஒரு காலை, ஸ்கூட்டரில் ஸ்ரீவில்லிபுத்தூர் போய்க்கொண்டிருந்தாள். பாதி வழியில் இடது கண்ணில் விளக்கை அணைத்த மாதிரி எல்லாம் போனது. ஓரங்கட்டி நிறுத்துவதற்குள் வலது கண்ணில் மெல்லிய சிலந்தி வலை ஒன்று தொங்கி ஆடியது. ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு உரசுகிற மாதிரிப் போனது. ஸ்கூட்டரைப் பூட்டிவிட்டு, வருகிற பஸ்ஸின் போர்டைப் படிக்க முடியாமல், கையைக் காட்டி நிறுத்தி ஏறினாள்.

ஸ்டேஷனுக்குப் போகவில்லை. விசாரித்துக்கொண்டு சிவரஞ்சனியைத் தேடிப் போனாள். ஒரு ஜவுளிக் கடைக்குப் பின்பக்கம் ஒற்றை அறையை வாடகைக்கு எடுத்து அவள் சொந்தமாக வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே ஒரு பெஞ்சு, ஒரு மேசை, மருந்து அலமாரி. நோயாளி என்று ஒருவரும் இல்லை.

'அன்றைக்கே சொன்னேனே' என்று சொல்வாள், அதைக் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான் என்று முத்தாத்தாள் மனசைத் தயார் செய்துகொண்டு போயிருந்தாள். சிவரஞ்சனி அதைச் சொல்லவில்லை. உட்கார வைத்து இரண்டு கண்ணையும் பார்த்தாள்.

"தண்ணி கலங்கியிருந்தா செத்த நேரம் ஆட்டாம வெச்சா மண்ணு அடியில படியும்லம்மா? அப்படித்தான் ரத்தமும். அடியில இறங்கினா மேல தெளிஞ்சிரும். நெய் ஊத்தினாலும் தெளியும், ஊத்தாட்டியும் தெளியும். கசிஞ்ச குழாய் அப்படியேதான் இருந்திருக்கு. இப்ப மறுபடி வெடிச்சிருச்சு."

"அப்ப நான் வீடியோவுல சொன்னது பொய்யா?"

"பார்வை வந்தது நெசந்தான். நெய்யால வரல."

முத்தாத்தாள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "எம்புட்டுப் பேரு அதைப் பார்த்துட்டுப் போயிருப்பாக?"

"அதைப் பொறவு பேசலாம். வலது கண்ணைக் காப்பாத்தணும். நாளைக்கு மதுரைக்கு நானும் வாரேன்."

"உனக்கு எதுக்கு இந்த வேலை? உன் ஆளுங்களே உன்னை ஏசுவாங்கல்ல?"

"ஏசத்தான் செய்யுறாங்க. கூடப் படிச்சவங்க குரூப்ல என்னைத் துரோகின்னு எழுதியிருக்காங்க" என்றாள் சிவரஞ்சனி. முதல் தடவையாக அவள் குரல் சூடேறியது. "நான் என் வைத்தியத்தை யாருக்கும் காட்டிக் கொடுக்கல. முடியாததை முடியாதுன்னு சொல்றதும் அதுல ஒரு பாடம். அதைச் சொல்லாம அது பேரை வெச்சு வித்துக்கிட்டிருக்கான் ஒருத்தன். அவனைச் சேர்த்துக்கிட்டு, என்னை வெளிய தள்ளுறாங்க. தள்ளட்டும்."

மதுரையில் பெரிய கண் ஆஸ்பத்திரி. விஜயபாண்டி ஒரு பக்கமும் சிவரஞ்சனி ஒரு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். இடது கண்ணில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், உள்ளே தழும்பு விழுந்து விழித்திரையை இழுத்துப் பிடித்திருக்கிறது, ஆபரேஷன் செய்யலாம், பழைய பார்வை வராது என்றார். வலது கண்ணுக்கு லேசரும் ஊசியும் உடனே வேண்டும் என்றார்.

"இத்தனை மாசம் என்ன செஞ்சீங்க?"

"நெய் கட்டினேன்."

"நாட்டு மருந்து, ஆயுர்வேதம்னு போயி கண்ணைத் தொலைச்சிட்டுத்தான் எல்லாரும் இங்க வாரீங்க. இனிமே அந்தப் பக்கமே தலைவெச்சுப் படுக்காதீங்க."

"சார், ஒரு நிமிஷம்" என்றாள் முத்தாத்தாள். "இந்தா உட்கார்ந்திருக்கிற பிள்ளை ஆயுர்வேத டாக்டர். நெய் கட்டாதீங்க, மதுரைக்குப் போங்கன்னு ஆடி மாசமே சொன்னது இவதான். கேக்காதது நான். அதுக்காக வேலையையும் விட்டிருக்கா. ஏசுறதுன்னா என்னைய ஏசுங்க."

டாக்டர் சிவரஞ்சனியைத் திரும்பிப் பார்த்தார். சர்க்கரைக்கு என்ன மருந்து கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். கேட்டுவிட்டு, சிறுநீரகத்துக்கும் பார்த்துக்கொண்டே வாருங்கள், எதை மாற்றினாலும் எனக்கு எழுதுங்கள் என்றார். அவள் போன் நம்பரைத் தன் சீட்டில் குறித்துக்கொண்டார்.

ஊசி போடுகிற அறையில் முத்தாத்தாளின் முகத்தைத் துணியால் மூடி, வலது கண் மட்டும் தெரியும்படி விட்டிருந்தார்கள். இமைகளை ஒரு கம்பி விரித்துப் பிடித்திருந்தது. மேலே பாருங்க என்றார்கள். பார்த்தாள். மேசையின் ஓரத்தை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டாள். ஏதோ அழுத்துகிற மாதிரி இருந்தது. அவ்வளவுதான், எந்திரிங்க என்றார்கள். இதற்காகவா ஒரு கண்ணைக் கொடுத்தோம் என்ற கோபத்தோடு வெளியே வந்து விஜயபாண்டியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் அவளுடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

அடுத்த வாரங்கள் ஆபரேஷனும் லேசருமாகப் போயின. இடது கண்ணில் ஆள் வந்து நிற்பது தெரியும், யார் என்று தெரியாது. வலது கண் தப்பிவிட்டது. ஓரத்துப் பார்வை கொஞ்சம் குறைந்து, பொழுது சாய்ந்தால் தடுமாற்றம் வந்தது. எழுத்துப் படிக்க முடிந்தது. ஸ்கூட்டரை விற்கச் சொல்லிவிட்டாள். சிவரஞ்சனி சொன்ன சாப்பாட்டை மருந்து மாதிரிச் சாப்பிட்டாள். வரகும் கீரையும் கொள்ளும், விடிந்ததும் கண்மாய்க் கரையில் நடையும். கணவரும் கூட நடந்தார். ஸ்டேஷனில் டீ வரும்போது அவள் தம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். சர்க்கரை மெல்ல இறங்கியது. ஸ்டேஷனில் அவளை விருப்ப ஓய்வு வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். முடியாது என்றாள். மனு வாங்குகிற மேசையில் உட்கார வைத்தார்கள்.

வீடியோவை எடுத்துவிடச் சொல்லி சோலைராஜுக்கு மூன்று முறை போன் செய்தாள். "பார்க்கலாம் ஏட்டம்மா" என்றார். அப்புறம் போனை எடுக்கவே இல்லை. தை மாதத்தில் அந்த வீடியோ மறுபடி அவளுக்கே வந்தது. அடியில் புதிதாக ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: செட்டியார்பட்டியில் கல்யாண மண்டபத்தில் இலவசக் கண் முகாம்.

"நான் போறேன்" என்றாள்.

"டிபார்ட்மெண்ட்டுல கேள்வி வரும்ட்டி" என்றார் விஜயபாண்டி.

"வரட்டும். வந்தா பதில் சொல்லிக்கிடுதேன்."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே கிளம்பினார்.

மண்டபத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு நிறைய பேர் உட்கார்ந்திருந்தார்கள். கறுப்புக் கண்ணாடி போட்டவர்கள், பக்கத்தில் இருப்பவரின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள். மேடையில் பெரிய திரையில் முத்தாத்தாள் யூனிபார்மோடு பேசிக்கொண்டிருந்தாள். பயப்படாம இங்க வாங்க. சேலை கட்டிய முத்தாத்தாள் நடுப்பாதையில் நடந்து போனபோது முதலில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. சோலைராஜுக்குத் தெரிந்தது. முகம் மலர எழுந்து வந்தார். தன்னைப் பாராட்டத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்திருப்பார்.

"நம்ம ஏட்டம்மாவே வந்துட்டாங்க" என்று மைக்கை அவள் கையில் கொடுத்தார்.

அவள் மைக்கை வாங்கிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தாள்.

"அந்தத் திரையில பேசுறது நான்தான். அப்ப எனக்குப் பார்வை வந்தது நெசம். நெய்யால வந்துச்சுன்னு நெனச்சேன். அது தப்பு. உள்ள கசிஞ்ச ரத்தம் தானா அடியில படிஞ்சதால வந்துச்சு. ரெண்டே மாசத்துல மறுபடி வெடிச்சு இந்தக் கண்ணு போயிருச்சு. மதுரையில ஊசி போட்டு, லேசர் வெச்சு இந்த ஒரு கண்ணைக் காப்பாத்தியிருக்காங்க. ஊசிக்குப் பயந்து ஒரு கண்ணைத் தொலைச்சவ நான். நீங்களும் தொலைக்காதீங்க."

சோலைராஜ் மைக்கைப் பிடுங்கக் கையை நீட்டினார். விஜயபாண்டி அவருக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். ஒன்றும் செய்யவில்லை, சும்மா நின்றார். யாரோ மைக்கின் இணைப்பை நிறுத்தினார்கள். கூட்டத்தை அதட்டியே பழகிய குரல் அவளுடையது, மைக் இல்லாமலே கடைசி வரிசை வரை கேட்டது.

"ஆயுர்வேதம் பொய்யின்னு நான் சொல்லல. அதை ஒழுங்காப் படிச்ச டாக்டர்தான் எனக்கு நெய் கட்ட மாட்டேன்னு சொன்னா. அவளை வெச்சுக்கிட்டு இவர் போர்டு எழுதினார். அவ போன பொறவும் போர்டு நிக்குது. சர்க்கரை இருக்கிற ஒவ்வொருத்தரும் வருசத்துக்கு ஒருக்க கண்ணுக்கு உள்ள பாருங்க. கண்ணு நல்லாத் தெரிஞ்சாலும் பாருங்க. எனக்கும் நல்லாத்தான் தெரிஞ்சது."

"ஏட்டம்மா, உங்க வேலைக்கு வேட்டு வெச்சிருவேன்" என்றார் சோலைராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு.

"எழுதிப் போடுங்க அண்ணாச்சி. என் பேரு முத்தாத்தாள். இன்ஷியல் வேணும்னாலும் சொல்லுதேன்."

மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். ஐம்பது வயது இருக்கும். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவள், பெயர் மாரியாத்தாள்.

"நீ சொன்னேன்னுதான் ஐப்பசியில இருந்து அங்க போயிக்கிட்டிருக்கேன். எனக்கு இப்ப ரெண்டு கண்ணும் மங்கிருச்சு. இப்ப வந்து அது தப்புன்னு சொல்லுத. நான் யாரைப் போயிக் கேக்க?"

முத்தாத்தாள் மைக்கைக் கீழே வைத்தாள்.

"என்னையத்தான் கேக்கணும்" என்றாள். "மதுரைக்கு வாங்க. நான் கூட்டிட்டுப் போறேன்."

"உன் கூட ஒருநாளும் வர மாட்டேன்" என்று சொல்லிவிட்டு மாரியாத்தாள் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனாள். அவளைத் தொடர்ந்து பாதிக் கூட்டம் எழுந்தது. மீதிப் பேர் உட்கார்ந்தே இருந்தார்கள். அவர்களுக்கு அன்றைக்கும் சொட்டு மருந்து கொடுக்கப்பட்டது.

சோலைராஜ் சொன்னபடியே புகார் எழுதினார். அதிகாரி கூப்பிட்டு விசாரித்தார். அனுமதி இல்லாமல் பொது மேடையில் பேசியது தவறுதான், வருத்தம் தெரிவித்து எழுதிக் கொடுங்கள், இத்தோடு முடித்துவிடலாம் என்றார். கெட்ட மனிதர் இல்லை. அவர் மேசையிலும் சர்க்கரை மாத்திரை அட்டை கிடந்தது.

"ஐயா, யூனிபார்மோட நின்னு வீடியோவுல பேசினேன். அதுக்கு எழுதித் தாரேன், அது என் தப்பு. மண்டபத்துல பேசினதுக்கு வருத்தம்னு எழுத மாட்டேன்."

"அப்ப தண்டனை வரும்."

"வரட்டுங்க ஐயா."

வந்தது. எழுத்தில் கண்டனம் தெரிவித்துப் பணிப் பதிவேட்டில் ஏற்றினார்கள். அவள் கையெழுத்துப் போட்டுவிட்டு மனு மேசைக்குத் திரும்பினாள். அதற்குள் மண்டபத்தில் யாரோ போனில் எடுத்த அவளுடைய பேச்சு பழைய வீடியோ போன இடங்களுக்கெல்லாம் போயிருந்தது. சிவரஞ்சனியும் அவளும் சேர்ந்து மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் புகார் கொடுத்தார்கள். போர்டில் சர்க்கரை, பார்வை என்று வருகிற வரிகள்மீது வெள்ளைப் பெயிண்ட் ஏறியது. வைத்தியசாலையை மூடவில்லை. இப்போது மூட்டுவலிக்கு என்று எழுதியிருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்து விஜயபாண்டி சொன்னபோது, "அதையும் ஒரு நாள் போயிப் பார்ப்போம்" என்றாள் முத்தாத்தாள்.

சிவரஞ்சனியின் அறைக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கூட்டம் என்று சொல்ல முடியாது. சர்க்கரை என்று வருகிற யாரையும் கண்ணுக்குள் பார்க்காமல் அவள் அனுப்புவதில்லை. உள்ளே சிவப்புப் புள்ளி ஒன்று தெரிந்தாலும் மதுரைக்குச் சீட்டு எழுதிவிடுவாள். என்ன டாக்டர், உங்களிடம் மருந்து இல்லையா என்று சிலர் கோபித்துக்கொண்டு போனார்கள். போனவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள்.

மாசியில் அடுத்த ஊசிக்காக முத்தாத்தாள் மதுரைக்குப் போனாள். காத்திருக்கிற கூடத்தில் மாரியாத்தாள் மகனோடு உட்கார்ந்திருந்தாள். கண்ணில் மருந்து விட்டிருந்ததால் இமைகளை மூடிக்கொண்டிருந்தாள். முத்தாத்தாள் போய்ப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"யாரு?"

"முத்தாத்தாள். ஏட்டு."

மாரியாத்தாள் தன் பையை எடுத்து மடிக்கு மாற்றிக்கொண்டாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். மகன் சங்கடப்பட்டு எழுந்து தண்ணீர் பிடிக்கப் போனான். முத்தாத்தாள் எழுந்து போகவில்லை. உள்ளேயிருந்து ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். போனவர்கள் கண்ணில் பஞ்சு ஒட்டிக்கொண்டு வந்தார்கள்.

"உன் மேல கோவம் போகல. போகவும் செய்யாது" என்றாள் மாரியாத்தாள் கண்ணைத் திறக்காமலே.

"போக வேண்டாம்."

மாரியாத்தாள் தாழ்ந்த குரலில் கேட்டாள். "ரொம்ப வலிக்குமா?"

"வலி அம்புட்டு இல்ல. அமுக்குற மாதிரி இருக்கும். பயந்தான் பெருசா இருக்கும்."

"உனக்குப் பயமா இல்லையா?"

"இப்பவும் இருக்கு" என்றாள் முத்தாத்தாள். "இருந்துட்டுப் போவுது."

உள்ளேயிருந்து மாரியாத்தாளின் பெயரைக் கூப்பிட்டார்கள். மகன் இன்னும் வரவில்லை. அவள் எழுந்து, எந்தப் பக்கம் என்று தெரியாமல் நின்றாள். முத்தாத்தாள் தன் முழங்கையை நீட்டினாள். மாரியாத்தாள் கொஞ்சம் தயங்கினாள். பிறகு பிடித்துக்கொண்டாள். இருவரும் மெதுவாகக் கதவை நோக்கி நடந்தார்கள்.